லாரியில் வந்த வைரஸ்

எங்கள் பல்கலைக்கழகம் என்றால் சிதம்பரத்தில் ஊரறிந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகம் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், புதுச்சத்திரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவில் அரண்மனை மாதிரி ஒரு வாசலும் அதற்குப் பின்னால் பூசாத சுவர்களுமாக ஒன்று நின்றதே, அது. அரிசி ஆலை வைத்திருந்த வைத்திலிங்கம் கட்டியது. மில்லில் இருந்தவரை அவர் முதலாளி. கல்லூரி தொடங்கியதும் தாளாளர். டெல்லியிலிருந்து நிகர்நிலை அந்தஸ்து வந்ததும் வேந்தர் ஆகிவிட்டார். வேந்தர் என்று கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது.

என் பெயர் புஷ்பவள்ளி. பதினோரு வருஷம் சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு கம்பெனியில் இருந்தேன். வங்கிகள் கேட்டுக்கொண்டால் அவர்கள் கம்ப்யூட்டருக்குள் திருடனைப் போல நுழைந்து பார்த்து, எந்த வழியாக நுழைந்தேன் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கணவர் அருள்முருகனுக்குக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் வந்ததும் மஞ்சக்குப்பத்தில் வீடு பிடித்தோம். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் 2007-இல் இங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். காலையில் பல்கலைக்கழக பஸ் குடிகாடு பக்கம் வரும்போது தொழிற்சாலை நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த நாற்றமே தேவலாம் என்று எனக்கு இரண்டே மாதத்தில் தோன்றிவிட்டது.

காரணம் துறைத் தலைவர் ஞானசேகரன். பெயருக்கு முன்னால் டாக்டர் போடாத சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டார். "இண்டஸ்ட்ரியிலேர்ந்து வந்தவுங்களுக்குக் கை நல்லா ஓடும் மேடம். ஆனா ரிசர்ச்சுங்கறது வேற" என்று முதல் நாளே சொன்னார். அவருடைய ரிசர்ச் என்னவென்று தேடிப் பார்த்தேன். ஒரே கட்டுரையை மூன்று தலைப்பு மாற்றி மூன்று மாநாட்டில் படித்திருந்தார். அதை ஸ்டாஃப் ரூமில் வைத்து அவரிடமே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அன்றிலிருந்து காலை முதல் பீரியடும் சாயங்காலம் கடைசி பீரியடும் என் தலையில்தான் விழுந்தன. பாடத்திட்டமோ பத்து வருஷப் பழசு. நானே செய்த ஒரு போலி வங்கிப் பக்கத்தை வைத்து, பாஸ்வேர்டு எப்படித் திருடுபோகிறது என்று வகுப்பில் காட்டினேன். மாணவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மாணவர்களுக்குத் திருட்டுத் தொழில் சொல்லிக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. நான் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தேன். அதற்கு இன்னொரு மெமோ.

வெண்மதி என் செல்லப் பிள்ளை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எம்.இ. கடைசி வருஷம். திட்டக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா கொளஞ்சியம்மாள் கரும்பு வெட்டப் போவார். வேந்தருக்குத் திட்டக்குடி ரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கும் உண்டு. அதில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பிறகு இங்கே வந்தவள். ப்ராஜெக்டுக்கு என்னிடம் சேர வந்தபோது ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். "மத்தவுங்ககிட்டல்லாம் எடம் ரொம்பிடுச்சு மேடம், அதான்" என்றாள். எனக்கு முன்கோபம் என்றால் அவளுக்கு வாய் ஜாஸ்தி. வாரத்தில் மூன்று நாளாவது சண்டை போடுவோம்.

ஆனால் வேலைக்காரி. அந்த வருஷம், 2009, உலகம் பூராவும் ஒரு வார்ம் பரவிக்கொண்டிருந்தது. வார்ம் என்றால் யாரும் தொடாமலே நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானே போகும் வைரஸ். அதைப் படிக்க வேண்டுமென்றால் அதைப் பிடித்துவந்து, வெளியே ஓடாதபடி அடைத்துவைத்து, உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் அதற்கென்றே கூடங்கள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது பழைய கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூமும் ஏலத்துக்கு ஒதுக்கிய எட்டுக் கம்ப்யூட்டரும். வெண்மதி அதைக் கூண்டு என்பாள்.

அந்தக் கூண்டை அவள் கட்டிய விதத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எட்டையும் ஒன்றோடொன்று கோத்தாள். வெளியே போகும் கேபிள் ஒன்றுகூட இல்லை. பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளில் எல்லாம், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, அந்த எம்-சீலைப் பிசைந்து அடைத்துவிட்டாள். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சிடி போடலாம். உள்ளே போன சிடி வெளியே வரக் கூடாது, அங்கேயே உடைக்க வேண்டும் என்று சட்டம் வைத்தாள். ஒருநாள் நான் மறந்துபோய் ஒரு சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் மறித்துப் பிடுங்கி என் கண் எதிரிலேயே இரண்டாக உடைத்தாள். கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் சிதம்பரம் மேலவீதியிலும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் போய் பென் டிரைவைச் சொருகிச் சொருகி வைரஸ்களைப் பிடித்து, அங்கேயே சிடியில் எழுதி எடுத்துவந்தாள். பத்து மாதத்தில் ஒன்றுகூடக் கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. கையில் காசில்லாத கல்லூரியும் இப்படி ஒரு கூடம் கட்டி ஆராய்ச்சி செய்யலாம் என்பதுதான் அவளுடைய தீசிஸ். அதை வைத்துச் சென்னையில் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்திருந்தது. ஜூலையில் தேர்ச்சிச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஏப்ரலில் டெல்லிக் கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. நிகர்நிலை அந்தஸ்தை நீட்டிக்கலாமா என்று பார்க்கும் கமிட்டி. காகிதத்தில் எங்களிடம் நூற்றிருபது கம்ப்யூட்டர் இருந்தது. ஹாலில் அறுபதுதான் இருந்தது. கமிட்டி வருவதற்கு முந்தின நாள் காலையில் தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்று வந்து நின்றது. பாலிடெக்னிக்கிலிருந்து இன்னொரு அறுபது. மேசைகளும் நாற்காலிகளும் பந்தல்காரரிடமிருந்து. நான் மட்டும்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு இது திருவிழாவுக்குப் பந்தக்கால் நடுகிற மாதிரி, வருஷா வருஷம் பழக்கம்.

வெண்மதி ஒரு கீபோர்டைத் தூக்கிப் பார்த்தாள். "மேடம், இது எங்க பாலிடெக்னிக் கீபோர்டு. செகண்ட் இயர்ல இந்த ஸ்பேஸ் பார ஒடச்சதே நான்தான்" என்றாள்.

லேப் உதவியாளர் சாமிக்கண்ணு கேபிள்களைச் சொருகத் தொடங்கியபோது நான் ஞானசேகரனிடம் ஓடினேன். "சார், இதையெல்லாம் ஸ்கேன் பண்ணாம நம்ம நெட்வொர்க்ல சேக்கக் கூடாது. அங்க பசங்க கண்ட பென் டிரைவையும் சொருகியிருப்பாங்க."

"நாளன்னைக்கு திரும்பப் போற மிஷின் மேடம் இது. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எரவல் வாங்கின நகைக்குப் போயி மெருகு போடச் சொல்றீங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எல்லாத்துலயும் இன்டர்நெட் வரணும். கமிட்டில ஒருத்தர் ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கறவரு. சாமிக்கண்ணு, நீ சொருகு."

அந்த ஒருத்தர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் சுப்புராயன். மறுநாள் வரிசை வரிசையாக நடந்தார், அங்கங்கே குனிந்து தட்டிப் பார்த்தார், நூற்றிருபதும் ஓடுகிறது என்று திருப்தியாகத் தலையை ஆட்டினார். வேந்தர் அவருக்குப் பண்ருட்டி முந்திரி ஒரு டின் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. காலியான பாதி ஹாலில் பரீட்சை பெஞ்சுகளை அடுக்கினார்கள்.

லாரி போய்விட்டது. அது கொண்டுவந்தது போகவில்லை. அந்த வாரமே ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க ஆன்லைன் பரீட்சை வைத்திருந்தது. வேலையே கிடைக்காத வருஷம் அது. மாணவர்கள் குளித்து, விபூதி பூசி, புதுச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தன, நெட்வொர்க் செத்துப்போனது. கம்பெனிக்காரர்கள் மாலைவரை காத்திருந்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சில பெண்கள் அங்கேயே அழுதார்கள். பையன்கள் வேந்தர் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள்.

கண்ணாடி உடைந்தால் யாரையாவது காட்ட வேண்டும். ஞானசேகரன் ஒரே நாளில் விசாரணை அறிக்கை எழுதி முடித்தார். வைரஸ், எம்.இ. மாணவி வெண்மதியின் ப்ராஜெக்ட் கூடத்திலிருந்து கசிந்தது. அவ்வளவுதான் அறிக்கை. இந்த வளாகத்தில் வைரஸ் வளர்ப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானே. வேறு யாரைச் சொல்ல?

வேந்தர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஞானசேகரன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன்.

"அது லாரியில வந்துச்சு சார். இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

"எந்த லாரி?" என்றார் வேந்தர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பாலிடெக்னிக் லாரி."

"ஞானசேகரன், லாரி ஏதாவது வந்துச்சா?"

"இல்லிங்க ஐயா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தனை பேர் சுமந்து இறக்கிய லாரியை, முன்னால் நின்று வாங்கிய மனுஷன் இல்லை என்கிறார். "அப்ப நான் டெல்லிக்கே எழுதறேன்" என்றேன்.

வேந்தர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தாராளமா எழுதுங்க. கமிட்டி இன்னும் கையெழுத்துப் போடல. நீங்க எழுதினா அந்தஸ்து போயிடும். போனா இந்த வருஷம் நாங்க குடுக்கற டிகிரிய எவன் மதிப்பான்? மொதல்ல தெருவுல நிக்கப் போறது உங்க பொண்ணுதான். சென்னையில ஏதோ வேலையாமே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு செய்யுங்க. என் கவனக்குறைவால கசிஞ்சிடுச்சுன்னு நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. பொண்ண விட்டுடறோம். ஒங்களுக்கென்ன, டாக்டர் பட்டமா போவப் போவுது?"

ஞானசேகரன் அந்த நகைச்சுவைக்குச் சிரித்தார்.

டெல்லிக்குக் கடிதம் அன்றைக்கே எழுதினேன். அருள்முருகன் படித்துவிட்டு, "எல்லாம் சரி புஷ்பா. ஆனா லாரி வந்ததுக்கு என்ன ஆதாரம்? ஏப்ரல்ல வந்துச்சு, போயிடுச்சு. ஜூன்ல வந்து பாக்கறவன் என்னத்தப் பாப்பான்? அந்தப் பொண்ணோட டிகிரி வேற இருக்கு" என்றார். கலெக்டர் ஆபீசில் புகார் மனுக்களோடு காலம் தள்ளுகிறவர். அவர் சொன்னது உண்மை என்பதால் அவர்மேலும் எரிந்து விழுந்தேன். கடிதத்தை அனுப்பவில்லை.

மறுநாள் ஒரு முடிவோடு கூண்டுக்குப் போனேன். பழியை நானே ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவது. சொல்லும்போது எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை இருந்தது. வெண்மதி நன்றி சொல்வாள், நான் வேண்டாம் என்பேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வீசினாள். "மேடம், ஒங்களுக்கு மூள இருக்கா? என் தீசிஸ் இன்னா? இந்தக் கூண்டுலேர்ந்து வெளிய வராதுங்கறதுதானே? ஒங்க கவனக்குறைவோ என் கவனக்குறைவோ, வந்துடுச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டா, நான் பத்து மாசமா இங்க இன்னா கிழிச்சேன்? டிகிரிய குடுத்துட்டு தீசிஸ பொய்யின்னு எழுதி வெச்சா, அந்த சென்னைக்காரன் என்னிய உள்ள விடுவானா?"

பதினோரு வருஷ அனுபவம், எனக்கு இது தோன்றவில்லை. தியாகம் செய்கிற அவசரத்தில் அவள் வேலையையே அழிக்கப் போனேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "அப்ப இன்னாதான்டி பண்ணச் சொல்ற?" என்று கத்தினேன். இரண்டு வருஷத்தில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பண்ணாதீங்க. எழுதித் தர மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வைவால நான் பேசிக்கறேன். நீங்க அன்னைக்கு வாயே தொறக்கக் கூடாது."

எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேந்தர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு வழியில் போனார். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வரும் பரீட்சகரை நியமிப்பது துறைத் தலைவர் கையில். ஞானசேகரன் ஒரே கல்லில் இரண்டு காரியம் முடிக்க நினைத்து, கமிட்டியில் வந்த அதே சுப்புராயனைக் கூப்பிட்டார். கமிட்டி அறிக்கை கையெழுத்தாவதற்குள் அவரை இன்னொரு முறை உபசரித்த மாதிரியும் ஆயிற்று; விசாரணை அறிக்கையைக் கையில் கொடுத்து தீசிஸைத் தள்ளுபடி செய்ய வைத்த மாதிரியும் ஆயிற்று. இந்தச் சாமர்த்தியத்தைத் துறையே மெச்சியது.

ஜூன் இரண்டாவது வாரம் வைவா. செமினார் ஹாலில் துறை முழுக்க உட்கார்ந்திருந்தது. வேந்தரே வந்து முன்வரிசையில் சுப்புராயனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். எம்.இ. வைவாவுக்கு வேந்தர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மேசையில் ஒரு புது முந்திரி டின் இருந்தது.

வெண்மதி கத்திரிப்பூ நிறச் சேலையில் வந்தாள். எப்போதும் சுடிதார்தான், சேலை அவளுக்குச் சரியாக நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினாள். ஆனால் குரல் தடுமாறவில்லை. கூண்டு, எம்-சீல், உடைத்த சிடிக்கள், எல்லாம் சொன்னாள். சுப்புராயன் ரசித்துத்தான் கேட்டார். எம்-சீல் வந்த இடத்தில் சத்தமாகவே சிரித்தார். மனுஷனுக்கு விஷயம் தெரியும் என்பது அவர் கேட்ட கேள்விகளில் புரிந்தது. ஞானசேகரன் எழுந்துபோய் அறிக்கையை அவர் முன்னால் வைத்து, ஒரு பத்தியை விரலால் காட்டிவிட்டு வந்தார்.

சுப்புராயன் படித்தார். முகம் மாறியது. "என்னம்மா இது? பத்து மாசமா ஒண்ணுகூட வெளிய வரலேன்னு நீ சொல்றே. ஏப்ரல்ல உன் லேப்லேர்ந்துதான் வளாகம் முழுக்கப் பரவுச்சுன்னு உன் டிபார்ட்மெண்ட்டே கையெழுத்துப் போட்டிருக்கு. ரெண்டும் உண்மையா இருக்க முடியாதே. ஒண்ணு உன் தீசிஸ் பொய். இல்லேன்னா இந்த ரிப்போர்ட் பொய். எது?"

லாரி என்ற வார்த்தை என் தொண்டையில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவள் டிகிரி போகும், சொல்லாவிட்டால் தீசிஸ் போகும். என்னால் பொறுக்க முடியவில்லை. பாதி எழுந்துவிட்டேன். வெண்மதி என் பக்கம் திரும்பாமலே கையைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று காட்டினாள். உட்கார்ந்தேன்.

"வாயால பேசிப் பிரயோஜனம் இல்ல சார்" என்றாள். "எந்த மிஷினுக்கு எந்தத் தேதியில வந்துச்சுன்னு மிஷினுக்குள்ளயே தடம் இருக்கும். தேதி வரிசையா வெச்சுப் பாத்தா மொதல்ல எதுல வந்துச்சுன்னு தெரிஞ்சுடும். அதுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். பக்கத்துக் கட்டடத்துலதான சார் லேப். கமிட்டியில வந்தப்போ நீங்க நடந்து பாத்தீங்களே, நூத்தி இருவது மிஷின், அதே லேப். வாங்க, ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்றேன். ஒரே ஒரு மிஷின்ல எங்க கூண்டுலேர்ந்து வந்த தடம் இருந்தாலும் இந்தத் தீசிஸ ஒங்க முன்னாடியே கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்குப் போயிடறேன்."

அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவர் கண்ணுக்கு முன்னாலும் அறுபது கம்ப்யூட்டரும், அதற்குப் பக்கத்தில் கூரை முட்ட அடுக்கிய பரீட்சை பெஞ்சுகளும் வந்து நின்றிருக்கும்.

"பேஷ். இதுதான் சரி. போய்ப் பாத்துடலாம்" என்று சுப்புராயன் தீசிஸை மூடிவிட்டு எழுந்தார்.

"சார், வெயில் ஜாஸ்தியா இருக்கு. டீ வருது" என்றார் வேந்தர்.

"பக்கத்துக் கட்டடம்தானே."

வேந்தர் ஞானசேகரனைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை மில்லில் நெல் மூட்டை திருடியவன்கூட வாங்கியிருக்கமாட்டான். ஞானசேகரனுக்கு வியர்த்துவிட்டது. எழுந்தார், மைக் இல்லாமலே மைக்கைத் தட்டுவதுபோல் ஏதோ செய்தார்.

"வேணாம் சார். லேபுக்குப் போவத் தேவையில்ல. அது... அந்த ரிப்போர்ட் அவசரத்துல எழுதினது. அப்புறமா நாங்க ஆழமா விசாரிச்சோம். வைரஸ் வெளியிலேர்ந்துதான் வந்திருக்கு. இந்தப் பொண்ணு லேபுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப இந்த ரிப்போர்ட் தப்பா?"

"தப்புதான் சார்."

"சார், அத அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா நல்லாருக்கும்" என்றாள் வெண்மதி, ரொம்பப் பணிவாக.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். டாக்டர் ஞானசேகரன் அத்தனை பேர் முன்னிலையில், தன் அறிக்கையின் மேலேயே, தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் என்று போட மறக்கவில்லை. ஒரு மனுஷன் அவமானப்படுவதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது.

சுப்புராயன் நின்றபடியே ஞானசேகரன் முகத்தைப் பார்த்தார், வேந்தரைப் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகு லேபைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெண்மதிக்கு உயர்ந்த கிரேடு போட்டார், டீ குடித்தார், முந்திரி டின்னை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். இரண்டு வாரத்தில் நிகர்நிலை அந்தஸ்து ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. வாசலில் வேந்தர் படத்தோடு பேனர் கட்டினார்கள்.

வராந்தாவில் வெண்மதியைப் பிடித்தேன். பாராட்ட வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு. "ஜெயிச்சுட்ட. ஆனா உண்மைய கடைசிவரைக்கும் சொல்லலயே. அவனுங்க ஜம்முனு இருக்கானுங்க."

"நான் பொய் சொன்னேனா? லேபுக்கு வாங்கன்னுதான கூப்ட்டேன். அவுங்கதான் வரல." சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்கு என் தீசிஸ் வேணும் மேடம், காப்பாத்திக்கிட்டேன். இவுங்கள கவுக்கறது என் வேலையில்ல. ஒங்களுக்கு அவ்ளோ ஆத்திரம்னா நீங்க பண்ணுங்க. நான் ஜூலைல போயிடுவேன்."

போய்விட்டாள். சான்றிதழைச் சரிபார்த்து அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். போன் செய்து, "சேந்துட்டேன் மேடம். இங்க கூண்டுக்குத் தனி பில்டிங்கே இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இனி அவளை வைத்து என்னை யாரும் மிரட்ட முடியாது.

ஆகஸ்டில் வேந்தர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் இந்த முறை நாற்காலியை அவரே காட்டினார், காபி வரவழைத்தார். ஞானசேகரன் அங்கே இல்லை.

"மேடம், அன்னைக்கு ஹால்ல நீங்க எந்திரிச்சத பாத்தேன். எல்லாம் போச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா உக்காந்துட்டீங்க பாருங்க, அங்கதான் ஒங்க பக்குவம் தெரிஞ்சுது. இப்ப நீங்களும் நம்ம ஆளு" என்றார்.

காபி என் வாயில் கசந்தது. அந்தப் பெண்ணுக்காக மென்று விழுங்கியதை இந்த ஆள் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு சின்ன வேல. பாலிடெக்னிக்குக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருது. இந்தத் தடவ நம்ம அறுவது அங்க போவணும். ஞானசேகரன்கிட்ட குடுத்தா மறுபடியும் வைரஸ் கிரஸ்னு ஆக்கிடுவாரு. நீங்க கம்பெனியில இருந்தவுங்க. லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா நீங்களே சுத்தம் பண்ணி அனுப்பிடுங்க. அடுத்த வருஷம் துறைத் தலைவர் பதவிக்கு நானே ஒங்க பேர சொல்றேன்."

ஏப்ரலில் எந்த லாரி என்று கேட்ட அதே வாய். நான் கத்தவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமாக, கத்தாமல் இருந்தேன்.

"செஞ்சுடலாங்க ஐயா. லாரி என்னைக்கு வருது, எத்தன மணிக்குக் கெளம்பும், பாலிடெக்னிக்ல இன்ஸ்பெக்‌ஷன் என்னைக்குன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, அதுக்குத் தக்கன வேலைய வெச்சுக்கறேன்" என்றேன்.

அவருக்கு ரொம்பத் திருப்தி. டிரைவருக்கே போன் போட்டுக் கேட்டு, தேதியையும் நேரத்தையும் லாரி நம்பரையும் ஒரு துண்டுத்தாளில் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சாயங்கால பஸ்ஸில் ஏறி, குடிகாடு தாண்டி, மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து, பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்குப் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். பழைய கடிதம், வந்துபோன லாரியைப் பற்றியது. இது, வரப்போகும் லாரியைப் பற்றியது.